இரண்டாம் கியரில் ஏறிய கனம்

பேய் என்றால் இராத்திரிதான் வரும், நாய் ஊளையிடும், கொலுசுச் சத்தம் கேட்கும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ தெரியாது. அவர்கள் பேயைப் பார்த்ததில்லை. நான் பார்த்தது பட்டப்பகலில். கத்தரி வெயிலில். பக்கத்தில் டைம்பீஸ் ஓடிக்கொண்டிருந்ததால் மணியும் சரியாகத் தெரியும். பன்னிரண்டு நாற்பது.

நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். என் மாமியாரே நம்பவில்லை. ஆனால் இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன். சிலதை இப்போதும் வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது.

1959. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊர் தொண்டி. எனக்கு இருபது வயது. சுலைகா என்று பெயர் சொல்லிக் கூப்பிட அப்போது வீட்டில் ஒரு ஆள் இருந்தார். என் வீட்டுக்காரர் சதக்கத்துல்லா. கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் முதல் இரண்டு வருஷத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தமாக ஏழெட்டு மாதம் வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் அவர் கொழும்பில். மோட்டார் பட்டறையில் வேலை. நான் இங்கே மாமியாரோடு. மாமியார் உம்மு ஹபீபாவுக்கு மகன் மேல் உயிர். என் மேல் வாய்.

கொழும்பில் கலகம் வந்ததும் கட்டிய கைலியோடு ஓடிவந்தார். திரும்பிப் போகக் காகிதம் கிடைக்கவில்லை. ஊரில் மோட்டார் வேலை தெரிந்தவனுக்கு என்ன வேலை? பத்து மாதம் சும்மா இருந்தார். அப்புறம் தவசி வீட்டுப் பக்கம் நடமாட ஆரம்பித்தார்.

தவசி தோணிக்காரர். பகலில் மீன் பிடிப்பார். காகிதம் இல்லாத ஆட்களை இராத்திரியோடு இராத்திரியாகக் கடல் தாண்டி இலங்கைக் கரையில் இறக்குவார். கள்ளத்தோணி. பிடிபட்டால் ஜெயில். கவிழ்ந்தால் அவ்வளவுதான். தப்பிக் கரை சேர்ந்தாலும் திரும்பி வர வழி கிடையாது. அப்படிப் போன மனிதர்களின் பெண்சாதிகள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வேலை வந்தது. தொண்டியில் ஒரு டென்ட் கொட்டகை, திருவாடானையில் ஒரு டென்ட் கொட்டகை. இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஒரே படம். இங்கே ஓடி முடிந்த படப்பெட்டியை அங்கே கொண்டுபோக வேண்டும். அங்கே முடிந்ததை இங்கே கொண்டுவர வேண்டும். சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருந்தால் வேலை உனக்கு என்றார்கள். வெள்ளிக்கிழமை புதுப்படம். அன்றைக்கு வண்டியோடு வர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

என் இரண்டு காப்பும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளாக மாறி வீட்டுக்கு வந்தது. பட்டாளத்தில் ஏலம் விட்ட வண்டி. கறுப்புப் பெயின்ட் உரிந்த இடத்தில் பச்சை தெரியும். தேவிபட்டினத்தில் ஒரு வீட்டில் வாங்கினார். விற்றவர் வண்டியைத் தொடவே இல்லையாம். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, "நீங்களே தள்ளிக்கிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அதை என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வண்டியில் ஒரே ஒரு கோளாறு. இரண்டாம் கியர் நிற்காது. போட்டால் விழும். நூறு கஜம் போவதற்குள் டக் என்று நழுவும். இன்ஜின் கத்தும், வண்டி நின்றுவிடும். திருவாடானைச் சாலையில் பாதி தூரம் மணல். மணலில் இரண்டாம் கியர் இல்லாமல் பெட்டியோடு போக முடியாது.

"நானே பிரிச்சு சரி பண்ணிருவேன். வெள்ளிக்கெழம ஓடலேன்னா சனிக்கெழம தவசி தோணியில ஏறிருவேன். ரெண்டுல ஒண்ணு" என்றார்.

இப்போது உங்களுக்குப் புரியும். அந்தக் கியர் பெட்டி சரியானால் என் புருஷன் எனக்கு. இல்லையென்றால் கடலுக்கு.

திங்கட்கிழமை காலையில் பிரிக்க ஆரம்பித்தார். வண்டி கொல்லைக் கொட்டகையில் நின்றது. கியர் பெட்டியை மட்டும் கழற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவந்து தாழ்வாரத்தில் சாக்கு விரித்து வைத்தார். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏன்டா சதக்கு, வூட்டை எறைச்சிக்கடை மாதிரி ஆக்கி வச்சிருக்கே. பயாஸ்கோப்புப் பெட்டி தூக்கவா ஒன்னைய பெத்தேன்?"

"பெட்டியத்தானேம்மா தூக்குறேன். படத்துல ஆடவா போறேன்?"

"ஆடுனாலும் ஆடுவே. கூட ஆடுறதுக்கு ஒருத்தி பக்கத்துலயே மண்ணெண்ணெச் சட்டியோட உக்காந்திருக்காளே."

சிரிப்புதான் வந்தது. அந்த வாரம் மாமியார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது.

"சுலைகா, ஒரு வெள்ளத் துணி கொண்டா புள்ளே. சின்னச் சாமான் கண்ணுல படணும்" என்றார்.

என்னுடைய பழைய துப்பட்டியைக் கொண்டுவந்து விரித்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் வெளியே போகும்போதும் தொழும்போதும் தலையிலிருந்து கால்வரை போர்த்துகிற வெள்ளைத் துணி அது. இரண்டு பட்டையாக வாங்கி நடுவில் இரட்டை நூலில் மூட்டித் தைப்போம். அந்தத் தையல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இருட்டில் தடவினாலும் தெரியும்.

கழற்றக் கழற்ற, கழன்ற வரிசையிலேயே இடமிருந்து வலமாகத் துணியில் வைத்தார். பெரிய பல்சக்கரம், சின்னப் பல்சக்கரம், தண்டு, கவை, பித்தளைப் புஷ்.

"வந்த வரிசைலயே திரும்பப் போகணும். ஒண்ணு மாறுனாலும் போச்சு. கோழி வரக் கூடாது. பூனை வரக் கூடாது. எங்கம்மா காலு வரவே கூடாது."

ஒரு சக்கரத்தை எடுத்து என்னிடம் காட்டினார். அதன் பக்கவாட்டில் கட்டை விரல் நுனி மாதிரி நான்கு முட்டுகள். இவை பக்கத்துச் சக்கரத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் இரண்டும் சேர்ந்து சுற்றும். நான்கும் மழுங்கி, சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தன.

"இந்தா, இதுதான் களவாணி. புடிக்கிற மாதிரி புடிச்சிட்டு நழுவிருது. காரைக்குடியில கொண்டுபோய் வெல்டிங் வச்சு, அரத்தால ராவி, முனை எடுத்துட்டேன்னா... சாகுற வரைக்கும் விடாது."

அவர் சொன்ன அந்தச் சொல்லை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

சாயங்காலம் நான்கு இருபது. பெட்டிக்கு வெளியே செயின் மாட்டுகிற சின்னச் சக்கரத்தை உளியால் தட்டிக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பின்னாடி என்னமோ தும்பு சுத்திக் கெடக்கு. பிளேடு வச்சு அறுத்துக் கழுவிரு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

போய்விட்டார். நான் அறுத்தேன்.

தும்பு இல்லை. மேலே கிரீஸ் பிடித்துக் கறுப்பாக இருந்தது. ஒரு சுற்று உரித்தேன். பழுப்பு. இன்னொரு சுற்று. வெள்ளை... இழுத்து முறுக்கிச் சுற்றிய துணி. எப்பேர்ப்பட்ட வேகத்தில் சுற்றியதோ, கல் மாதிரி இறுகியிருந்தது. கடைசிச் சுற்றில் ஒரு தையல். இரட்டை நூல். நடுவில் மூட்டிய தையல்.

துப்பட்டி.

அதற்குள்ளே முடி. ஒன்றல்ல, ஒரு கொத்து. கறுப்பாக, என் முழங்கை நீளம். வயசுப் பெண்ணின் முடி. ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளைப் பொட்டு மாதிரி வேர். கத்தரித்த முடி இல்லை... பிடுங்கிய முடி.

பிளேடைக் கீழே வைத்தேன். யாரோ ஒரு பெண் இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். துப்பட்டி செயினில் மாட்டியிருக்கிறது. அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? கடலுக்குப் பயப்படாத மனிதர் இந்த மாதிரி விஷயத்துக்குப் பயப்படுவார். தெரிந்தால் அந்த வண்டியை மறுபடி தொடமாட்டார். சனிக்கிழமை தோணி ஏறிவிடுவார்.

முடி, நகம் எதுவானாலும் மண்ணில்தான் புதைக்க வேண்டும், நெருப்பில் போடக் கூடாது என்று சின்னப் பிள்ளையிலிருந்தே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். செத்தவர்களுடையது என்றால் கேட்கவே வேண்டாம். கொல்லையில் குழி தோண்டினால் மாமியார் "என்னத்தடீ பொதைக்கிறே?" என்பார். அடுப்பு பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி வருகிற நேரம்.

அடுப்பில் போட்டேன்.

முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. மறு நொடி அடுப்பு அணைந்தது. புகைந்து அணையவில்லை. யாரோ குனிந்து ஊதிய மாதிரி... ஃபூ... என்று.

அடுப்படியில் என்னைத் தவிர யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் அவர் காரைக்குடி போனார். மழுங்கிய சக்கரமும் புஷ்ஷும் அவர் பையில். மற்ற சாமான்கள் துணியில். நான் காவல்.

பன்னிரண்டு பத்து வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மாமியார் அறையில் படுத்திருந்தார். தெருவில் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. சோறு வடிக்க எழுந்து போனேன். வடித்துவிட்டுத் திரும்பினேன். டைம்பீஸில் பன்னிரண்டு பதினான்கு. நான்கே நிமிஷம்.

சாமான்கள் அப்படியே இருந்தன. அதே வரிசை. காரைக்குடிக்குப் போன சக்கரத்தின் இடம் கூட அப்படியே காலியாக.

ஆனால் வெறும் தரையில் இருந்தன.

அடியில் விரித்த துப்பட்டியைக் காணோம்.

ஒரு சாமானும் நகராமல் அடியிலிருந்த துணியை எப்படி எடுக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

அறைக்குள்ளிருந்து மாமியார் குரல். "கொல்லைக் கதவைச் சாத்திட்டுப் போறதுக்கென்னடீ? அனல் அடிக்குது."

"நான் எங்க மாமி போறேன்? இங்கனதான இருக்கேன்."

"இப்பத்தானே துப்பட்டியப் போத்திக்கிட்டுக் கொல்லைக்குப் போனே? கூப்புடக் கூப்புடத் திரும்பிப் பாக்காமப் போறே. அம்புட்டுத் திமிரு."

ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே கொல்லைக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. கொட்டகையில் வண்டி. கியர் பெட்டி இருந்த இடம் குடல் எடுத்த வயிறு மாதிரி.

துப்பட்டி பின் சீட்டில் கிடந்தது.

கிடந்தது என்று சொல்லக் கூடாது.

உட்கார்ந்திருந்தது.

தலை உயரத்துக்குக் குவிந்து... தோள் மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து... மடியில் மடிந்து... ஒரு பக்கமாகக் கால் போட்டு ஒரு பெண் உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி. முகம் இருக்க வேண்டிய இடம் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

நான் ஒரு அடி வைத்தேன். துணி மெதுவாக... ஸ்ஸ்ஸ்... என்று காற்றுப் போன மாதிரி அமுங்கியது. அப்புறம் வெறும் துணி. ஒரு முனை மட்டும் செயினுக்குள் தொங்கியது.

கத்தியிருப்பேன். கத்தினால் மாமியார் வருவார். மாமியாருக்குத் தெரிந்தால் மகனுக்குத் தெரியும். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அந்தத் துணியை உருவினேன். தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சாமானாகத் தூக்கி, அடியில் விரித்தேன். அந்தத் துணி அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

ஆறே முக்காலுக்கு அவர் வந்தார். வந்ததும் சாமானைத்தான் பார்த்தார்.

"தொட்டியா புள்ளே?"

"அழுக்காயிருந்துச்சு மச்சான். ஒதறிப் போட்டேன்."

"வரிசை மாறலயே! நீ பட்டறைக்கே வந்துரலாம் போ."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை. விடிந்ததிலிருந்து அரம் போட்டார். சர்... சர்... என்று பத்து மணி வரை அதே சத்தம். வெல்டிங் வைத்துப் பெருத்த முட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, முனை வைத்து, பள்ளத்தில் போட்டுப் பார்த்து, மறுபடி ராவி. பன்னிரண்டு மணிக்கு எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினார். வெளியே அந்தச் சின்னச் சக்கரத்தையும் மாட்டினார். கியர்க் கம்பியைக் கையால் அசைத்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பன்னிரண்டரைக்கு லுஹர் பாங்கு கேட்டது.

"தொழுதுட்டு வந்து பாக்குறேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

மாமியார் அறையில் தொழுதுவிட்டுப் படுத்தார். குறட்டை கேட்டது. நான் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு நல்ல துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் பாய் விரித்தேன். எனக்குப் பின்னால் தாழ்வாரம். எட்டடி தூரத்தில் சாக்கின் மேல் கியர் பெட்டி. பின்னால் அது இருப்பது பிடிக்கவில்லை. ஆனால் தொழும்போது பார்க்க வேண்டிய கிப்லா எதிர்ப் பக்கம். நான் என்ன செய்ய?

பன்னிரண்டு நாற்பது. தொழுகையில் இரண்டாவது ரக்அத்.

டக்.

பின்னாலிருந்து வந்தது. முதல் கியர் விழுகிற சத்தம். மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. கம்பியை யாராவது அசைத்தால்தான் வரும்.

தொழுகையை முறிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே குனிந்தேன். நெற்றியைத் தரையில் வைத்தேன்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

பல்லும் பல்லும் மெதுவாகச் சுற்றுகிற சத்தம். எதுவும் பூட்டாமல் சாக்கில் தனியாகக் கிடக்கிற பெட்டி. அது எப்படிச் சுற்றும்?

கால்மாட்டில் துப்பட்டி லேசாக அசைந்தது.

காற்று என்று நினைத்தேன்.

காற்றே இல்லை.

மறுபடி அசைந்தது... இழுத்தது.

கர்ர்... கர்ர்...

துணி முதுகில் இறுகியது. தோளில் இறுகியது. முகத்தைச் சுற்றியிருந்த துணி தாடைக்குக் கீழே கழுத்தில் வந்து நின்றது.

இழுத்தது.

நெற்றி தரையில் தேய்ந்தது. பாயோடு பின்னால் போனேன். ஒரு சாண். இன்னொரு சாண்.

மூச்சு வரவில்லை.

மாமி... என்றேன். சத்தம் வெளியே வரவில்லை.

குறட்டை மட்டும் கேட்டது.

டக்.

இரண்டாம் கியர்.

நழுவும் என்று காத்திருந்தேன். அல்லாவே, அந்த ஒரு நொடி... நழுவட்டும், நழுவட்டும் என்றுதான் கேட்டேன்.

நழுவவில்லை.

எப்படித் தலையைக் கீழே உருவினேன் என்று தெரியாது. காதுத் தோடு பிய்ந்து இரத்தம் வந்தது. துப்பட்டியை விட்டு வெளியே உருண்டேன். வெள்ளைத் துணி தரையோடு தரையாகப் பாம்பு மாதிரி ஓடி, அந்தச் சின்னச் சக்கரத்தில் ஒரு சுற்று... இரண்டு சுற்று... மூன்று சுற்று... சுற்றிக்கொண்டு நின்றது.

அமைதி.

பக்கத்தில் யாரும் இல்லை. சாக்கின் மேல் பெட்டி. வெயில். டைம்பீஸ் மட்டும் டிக் டிக் என்றது. பன்னிரண்டு நாற்பத்தேழு.

அழுதுகொண்டே பிளேடால் அறுத்தேன். ஒரு நூல் விடாமல் எடுத்தேன். கிழிந்த துப்பட்டியைக் கட்டிலுக்கு அடியில் திணித்தேன். பிய்ந்த காதில் சுண்ணாம்பு வைத்தேன். ஒன்று ஐந்துக்கு அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

"காதுல என்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அவர் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் பெட்டி மேல். உட்கார்ந்து கம்பியை அசைத்தார். டக். டக். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"நிக்குது புள்ளே! ரெண்டாவது நிக்குது! என்னா புடி புடிக்குது பாரு!"

சின்னப் பையன் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மாமியார் எழுந்து வந்து, "வூடா, கூத்துக் கொட்டகையா?" என்றார். நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன். சனிக்கிழமை தோணியில் அவர் இல்லை. எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை படப்பெட்டியோடு திருவாடானை போனார், வந்தார். சனிக்கிழமை தவசி தோணி அவர் இல்லாமல் போனது. அப்புறம் நாற்பது நாள். என் ஆயுளில் புருஷனோடு வாழ்ந்த வாழ்க்கை என்று சொல்ல அந்த நாற்பது நாள்தான். அதில் கடைசிப் பத்தை விட்டுவிடுங்கள்.

முப்பதாவது நாள் வாக்கில் அடுத்த வீட்டு சல்மா கேட்டாள்.

"என்னடீ சுலைகா, புருஷனும் பொஞ்சாதியும் சோடி போட்டுக்கிட்டுச் சுத்துறீகளாமே? எங்க மச்சான் பாத்தாகளாம். நீ துப்பட்டியப் போத்திக்கிட்டு ஜம்முனு பின்னாடி உக்காந்திருந்தியாமே."

நான் அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை.

மாமியார் காதுக்கும் எட்டியது. "பயாஸ்கோப்புக்குப் போனியாடீ? எந்த வயித்துல பொறந்தவடீ நீ?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் இல்லை மாமி என்று குர்ஆன் மேல் கை வைத்துச் சொன்னேன். தலையில் அடித்த கை கீழே இறங்கியது. அப்புறம் அவர் கேட்டது இன்னும் மோசம். "நீ இல்லேன்னா... அப்ப அவ யாருடீ?"

என் வீட்டுக்காரரிடமே கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. இளைத்துப் போயிருந்தார், அப்போதுதான் கவனித்தேன்.

"ரெண்டாம் கியர் போட்டதும் பின்னாடி ஒரு கனம் ஏறும் புள்ளே" என்றார். "மணல் முடியிற வரைக்கும் இருக்கும். மொதல்ல பெட்டி சரியுதுன்னு நெனச்சேன். பெட்டி இல்லாமப் போனாலும் ஏறுது."

"திரும்பிப் பாத்தீகளா மச்சான்?"

"இல்ல." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இடுப்பைச் சுத்திக் கை போடுது. சில்லுனு இருக்கு. நான் திரும்பிப் பாக்குறதில்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுப்பில் போட்டதைச் சொல்லியிருக்கலாம். வண்டியை விற்றால் வேலை போகும், வேலை போனால் தோணி. அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு நாள் காலையில் எழுந்தேன். பக்கத்துப் பாய் காலி. வண்டி கொட்டகையில் நின்றது. பெட்டி கொண்டுபோகிற பைக்குள் சம்பளமும் அவர் கைக்கடிகாரமும் இருந்தன. ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை.

ஊர் இரண்டே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சதக்கு ஒரு பொம்பளையோடு தோணி ஏறிவிட்டான். தவசி தோணியில் வேலை செய்கிற ஆளே பார்த்தானாம். வண்டியில் சுற்றியவள்தானாம். மாமியார் என்னைப் பார்த்து, "புருஷனக் கைக்குள்ள வச்சுக்கத் தெரியாத நாதாரி" என்றார். அதே வாயோடு மூன்று வருஷத்தில் கண்ணை மூடி மவுத்தானார். கடைசிவரை கஞ்சி ஊற்றியது நான்தான். வண்டியைப் பழைய இரும்புக்காரன் உடைத்து எடுத்துக்கொண்டு போனான். அவரிடமிருந்து கடுதாசி இல்லை. தலாக்கும் இல்லை, மவுத்துச் செய்தியும் இல்லை. என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

நானும் ஊர் சொன்னதைத்தான் நம்பினேன். நம்பினால்தான் கோபப்பட முடியும். கோபப்பட்டால்தான் எழுந்து அடுப்பு மூட்ட முடிந்தது. ஒன்பது வருஷம் அந்த மனிதரை ஏசாத தொழுகை வக்து இல்லை.

1968. தவசி காலில் புண் வந்து படுத்திருந்தார். அவர் பெண்சாதி முருகேஸ்வரிக்கு நான் பாய் முடைந்து கொடுப்பேன். ஒரு நாள் பாயோடு போனபோது வீட்டில் அவர் மட்டும் இருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஒன்பது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அவ யாரு? பேரு மட்டும் சொல்லுங்க."

சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி. அவரு ஒருத்தருக்குத்தான் எடம் கேட்டிருந்தாரு. வந்து ஏறுனாரு. பின்னாடியே ஒரு பொம்பள ஏறுச்சு. தலையோட போத்திக்கிட்டு. நான் நீயின்னுதான் நெனச்சேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலயா?"

"சொல்லல. அது பக்கம் அவரு பாக்கவே இல்ல. ராத்திரி பூரா தோணி முன்னாடி அணியத்துல மொகத்த வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. அழுதாரு. அது அவரு முதுகோட ஒட்டி உக்காந்திருந்துச்சு."

"அப்புறம்?"

"அக்கரையில கரையோரம் தோணி ஒட்டல. நெஞ்சளவு தண்ணி. எல்லாரையும் எறக்கி விட்டேன். நனைஞ்சுதான் போனாக. அவரும் நனைஞ்சாரு." தவசி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் அவரு பின்னாடியே எறங்கி நடந்துச்சு தங்கச்சி. கரையேறுனப்ப நெலா வெளிச்சத்துல பாத்தேன். அது துப்பட்டி நனையல."

பாயைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு அஸர் தொழுகையில் கையேந்தினேன். ஒன்பது வருஷமாக அவரை ஏசி வந்த வாய்க்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? உயிரோடு இருந்தால்... இன்னும் அவர் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாளா?